ரசீது இல்லாத 12 பவுன், கையில் ரொக்கம்: எப்படிச் சோதிப்பது, என்ன எழுதி வைப்பது?

ஈப்போ ரோடு வாசி (கோலாலம்பூர்)

வணக்கம். செந்தூலில் பழக்கமான குடும்பத்து அம்மா ஒருவர் பழைய நகை விற்கிறார். கொடி (தாலியைக் கழற்றிக்கொண்டு சங்கிலி மட்டும்) 40.12 கிராம், காப்பு ஒரு ஜோடி 31.60, கல் அட்டிகை 24.30. மொத்தம் 96.02 கிராம், 12 பவுன். எல்லாவற்றிலும் 916 (22 காரட்) முத்திரை குத்தியிருக்கிறது. கடை ரசீது எதுவும் இல்லை. 38,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், அதுவும் காசாகத்தான் வேண்டுமாம். கணக்குக்காக 999 சுத்தத் தங்கம் கிராமுக்கு 500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 916-க்கு 458 வருகிறது. அவர் கேட்பதோ கிராமுக்கு 395 வெள்ளி 75 சென். நல்ல விலையாகத் தெரிகிறது.

ஒரே நாளில் 38,000 எடுத்தால் பேங்க் நெகாராவுக்கு (மலேசிய மத்திய வங்கி) தகவல் போய்விடும், அதனால் இன்று 20,000 நாளை 18,000 என்று எடு என்கிறார்கள். செய்யலாமா? விற்பவரிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? பின்னாளில் எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) கேட்டால் எதைக் காட்டுவது? 916 முத்திரையை நம்பலாமா?

பேரேடு (பெட்டாலிங் ஜெயா)

முதலில் அந்த 20,000 + 18,000 யோசனையைத் தூக்கிப் போடுங்கள். ரொக்கத்தில் தங்கம் வாங்குவது குற்றமில்லை. நீங்களாகப் போய் ஒரு குற்றத்தைச் செய்துகொள்ள இங்கே இருக்கும் வழியே இதுதான்.

2019 ஜனவரி முதல், ஒரு கணக்கில் ஒரே நாளில் 25,000 வெள்ளியோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டாலும் எடுத்தாலும் பேங்க் அதை பேங்க் நெகாராவுக்குத் தெரிவிக்க வேண்டும். காலையில் ஒரு கிளை, மாலையில் இன்னொரு கிளை என்று எடுத்தாலும் அன்றையதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். இது வரியும் இல்லை, உங்கள் மேல் புகாரும் இல்லை. வரம்பைத் தாண்டிய எல்லோருக்கும் போகிற வழக்கமான அறிக்கை. ஆனால் அந்த அறிக்கை போகக்கூடாது என்பதற்காகவே தொகையை உடைத்து எடுப்பது, 2001-ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் 4ஏ பிரிவில் தனிக் குற்றம். "என் சம்பளக் காசுதானே" என்பது அதற்குப் பதில் ஆகாது. யோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், மாட்டப்போவது நீங்கள்.

முதல் நாளே கிளைக்குப் போன் செய்து தொகையைச் சொல்லுங்கள். கவுண்டரில் காரணம் கேட்டால் "பழைய நகை வாங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நகைக்கடைகளுக்கு வேறு வரம்பு: 50,000 வெள்ளியும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் அவர்கள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அது வியாபாரிகளுக்கான விதி. நாளைக்கு இதே நகையைக் கடையில் போடும்போது ஐசி (அடையாள அட்டை) கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ரொக்கம்தான் என்று அந்த அம்மா ஏன் பிடிவாதமாக நிற்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேங்கில் போட்டால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம், புரிந்துகொள்ளலாம். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றால் கதையே வேறு. திவாலானவர் என்றால் அவருடைய சொத்து இன்சால்வென்சி இலாகாவின் பொறுப்புக்குப் போய்விடும், நகையை விற்கும் உரிமை அவருக்கு இருக்காது. ஐசி எண்ணை வைத்து அந்த இலாகாவில் தேடிப் பார்க்கலாம்.

காசாகத்தான் என்றால் கைமாற்றத்தை அவருடைய பேங்கின் கவுண்டர் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேங்க் என்றால் இன்னும் நல்லது: நீங்கள் எடுக்கிறீர்கள், அவர் பக்கத்துக் கவுண்டரில் போடுகிறார். நோட்டை எண்ணுவதும் கள்ள நோட்டைப் பார்ப்பதும் மெஷின் வேலை. நீங்கள் எடுத்த சீட்டும் அவர் போட்ட சீட்டும் ஒரே தேதியில், ஒரே தொகைக்கு, சில நிமிட இடைவெளியில் இருக்கும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வீட்டில் வைத்து எண்ணிக் கொடுத்தால் "நான் 36,000-தான் வாங்கினேன்" என்ற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது.

உரைகல் (பினாங்கு)

விலைக் கணக்கே தப்பு. அட்டிகையில் கல் எடையைக் கழிக்கவில்லை. கல்லுக்கும், அதைப் பிடித்திருக்கும் அரக்குக்கும் சேர்த்து 3.50 கிராம் போகிறது என்று வையுங்கள். (நேரில் பார்க்காமல் சொல்லும் எண், கூடலாம், குறையலாம்.) தங்கம் 92.52 கிராம்தான். 38,000-ஐ அதால் வகுத்தால் கிராம் 410 வெள்ளி 72 சென். நீங்கள் நினைத்ததைவிடக் கிராமுக்கு 15 வெள்ளி கூட. 458-ஓடு ஒப்பிட்டால் 90 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதே நகையை அந்த அம்மா கடையில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் உங்களுக்கு அளவுகோல். லெபோ அம்பாங்கிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ இரண்டு மூன்று கடையில் "பழசு என்ன விலைக்கு எடுப்பீங்க" என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். கடை புது நகைக்குப் போடும் உப்பாவும் (செய்கூலி) சேதாரமும் பழைய நகையில் ஒரு சென்னும் தேறாது. அன்றைய தங்க விலைக்குப் பொது ஆதாரம் வேண்டுமென்றால், பேங்க் நெகாரா தினமும் வெளியிடும் கீஜாங் எமாஸ் விலை இருக்கிறது. ஒரு அவுன்ஸ் விலையை 31.1035-ஆல் வகுத்தால் 999.9-க்குக் கிராம் விலை. அது நாணயத்தின் விலை என்பதால் வெறும் தங்கத்தைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். ஏன் இந்த விலைக்கு வாங்கினாய் என்று யாரும் கேட்டால் காட்டலாம்.

முத்திரை பற்றி: 916 என்று குத்துவதற்கு ஒரு ஆணியும் சுத்தியலும் போதும். இந்தியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற ஹால்மார்க் நகையாக இருந்தால் ஆறு எழுத்தெண் கொண்ட எச்யுஐடி குறி இருக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் எந்த வகை நகை, எந்த மாற்று (தங்கத்தின் தரம்) என்று வரும். நகை பழசு என்கிறீர்கள், அதனால் இருக்காது. சோதிக்கத்தான் வேண்டும்.

கொடிக்கும் காப்புக்கும் தண்ணீர்ச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டும் தராசு, ஒரு கண்ணாடிக் குவளை, தூண்டில் நரம்பு ஒரு முழம். தராசை முதலில் 100 கிராம் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், ஏர்கோனையும்தான், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் நிற்காது. நகையை முதலில் உலர்ந்தபடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குவளையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். நகையை நரம்பில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் நகை ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. உங்கள் கொடி 40.12, தண்ணீரில் 2.26 காட்டினால் 17.75. 22 காரட்டுக்கு 17.5-லிருந்து 18-க்குள் வர வேண்டும். வெள்ளி கூடக் கலந்திருந்தால் மேலே, செம்பு கூட என்றால் கீழே. 15 பக்கம் நின்றால் அது 18 காரட் வரிசை. 10, 11 என்றால் உள்ளே வெள்ளியோ ஈயமோ.

தப்பு நடக்கும் இடம் காற்றுக் குமிழி. கொடியின் பின்னலுக்குள் குமிழி ஒட்டிக்கொண்டால் அடர்த்தி குறைவாகக் காட்டும், நல்ல நகையைச் சந்தேகப்படுவீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, தண்ணீருக்குள்ளேயே நகையை நாலு தட்டுத் தட்டுங்கள். இன்னொன்று, சின்ன உருப்படியை இதில் நம்பாதீர்கள். ஒற்றைக் காப்பு 15.80 என்றால் தண்ணீரில் 0.89 வரும். தராசு 0.02 பிசகினாலே விடை 17.4-க்கும் 18.2-க்கும் இடையே ஆடும். ஜோடியாகச் சேர்த்துப் போட்டால் ஆட்டம் பாதியாகும். காப்பு உள்ளே குழலாக இருந்து அரக்கு அடைத்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது, அட்டிகைக்கும் செல்லாது.

மாக் மண்டின் (பட்டர்வொர்த்)

இவ்வளவு எதற்கு? பஜாக் (அடகு) கடையிலோ நகைக்கடையிலோ மாற்றுப் பார்க்கும் மெஷினில் வைத்தால் ஒரு நிமிடத்தில் 91.6 என்று வரும். வந்தால் வாங்கிவிட வேண்டியதுதான்.

உரைகல் (பினாங்கு)

அண்ணே, அந்த மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும். தடித்த முலாம் போட்டிருந்தால் முலாமின் மாற்றைத்தான் சொல்லும். தண்ணீர்ச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் மேலே என்ன, உள்ளே என்ன என்று பிரிக்காது. இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். மெஷினில் வைக்கும்போதும் ஒரே இடத்தில் வைக்காமல் உடம்பு, கொக்கி, பொடி (பற்றவைக்கும் உலோகம்) வைத்துப் பற்றிய மூட்டு என்று மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய கொடியில் எஸ் கொக்கி அறுந்து, வேறு மாற்றில் புதிதாகப் போட்டிருப்பது சாதாரணம். மூட்டு குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், பொடியின் மாற்று எப்போதும் குறைவுதான். உடம்பு 91-க்குக் கீழே போனால் பேச்சை நிறுத்துங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: 999 கட்டி வாங்குவோருக்குத் தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. டங்ஸ்டன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கம் 19.3. வீட்டுத் தராசு அந்த வித்தியாசத்தைக் காட்டாது. கட்டிக்கு உள்ளே ஊடுருவிப் பார்க்கும் சோதனை வேண்டும், அல்லது கடையிலேயே வாங்குங்கள்.

அட்டிகைக்கு: கல்லைக் கழற்றாமல் சரியான எடை யாராலும் சொல்ல முடியாது. அந்த அம்மா கழற்றச் சம்மதிக்கவில்லையென்றால், தங்கம் 20 கிராம் என்று மட்டும் வைத்து விலை பேசுங்கள். ஒத்துவராவிட்டால் கொடியையும் காப்பையும் மட்டும் எடுங்கள். நானாக இருந்தால் அட்டிகையை விட்டுவிடுவேன்.

கறுப்பு மை (பினாங்கு)

எழுத்து விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவின் சாரம் இதுதான்: விற்றவருக்கே உரிமை இல்லையென்றால் பொதுவாக வாங்கியவருக்கும் இல்லை. விதிவிலக்குகள் உண்டு, இந்த விற்பனை அவற்றுக்குள் வருவது கடினம். திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கினால் குற்றவியல் சட்டம் 411-ஆம் பிரிவு. தெரியாமல் வாங்கியிருந்தாலும் நகை போய்விடும், காசுக்கு நீங்கள் விற்றவரைத் துரத்த வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றம் கடைக்காரர் மேல் போடும் வழக்குக்குத்தான், தனியாள் தனியாளிடம் வாங்கியதை அங்கே எடுத்துப் போக முடியாது. ஆகவே ஒப்பந்தத் தாளின் வேலை இரண்டு: நீங்கள் நல்ல நம்பிக்கையில், நியாய விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்டுவது, துரத்த ஒரு முகவரி கொடுப்பது.

மலாயில் எழுதுங்கள். போலீஸ் நிலையத்திலோ பேங்கிலோ நீட்டினால் அப்படியே படிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு மலாய் ஓடாதென்றால் தமிழில் ஒரு பிரதி சேர்த்து, "படித்துக் காட்டப்பட்டது, புரிந்தது" என்று அதிலும் கையெழுத்து. தேதி, நேரம், இடம். இருவர் பெயரும் ஐசியில் உள்ளபடி, ஐசி எண், இப்போது குடியிருக்கும் முகவரி, கைப்பேசி. நகைகளைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். "நகை மூன்று, 96 கிராம்" என்று எழுதிய தாள் குப்பை. இப்படி:

"கொடி ஒன்று, முறுக்குப் பின்னல், நீளம் 28 அங்குலம், எஸ் கொக்கி, கொக்கியருகே பற்றவைத்த தடம் ஒன்று, முத்திரை 916, மொத்த எடை 40.12 கிராம், கல் எடை இல்லை, நிகர எடை 40.12 கிராம், கிராம் விலை இவ்வளவு, தொகை இவ்வளவு."

கடைசியில் மொத்தம் எண்ணிலும் எழுத்திலும். பிறகு விற்பவர் வாக்கு: நகை எனக்குச் சொந்தம், அடகில் இல்லை, வேறு யாருக்கும் பங்கில்லை, உரிமைப் பிரச்சினை எழுந்தால் வாங்கிய தொகையைத் திருப்பித் தருவேன். முழுத் தொகையும் ரொக்கமாகப் பெற்றேன். இரண்டு அசல், இரண்டிலும் இருவர் கையெழுத்து, சாட்சி இருவர். சாட்சியில் ஒருவர் விற்பவர் பக்கத்து ஆளாக இருக்கட்டும்.

ஐசி நகலில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "உந்துக் ஜுவால் பெலி எமாஸ் சஹாஜா" (தங்க விற்பனைக்கு மட்டும்) என்று எழுதித் தேதி போடுங்கள். அவருடைய நகலுக்கும் உங்கள் நகலுக்கும் அப்படியே. கோடு முகத்தின் மேலும் எண்ணின் மேலும் போகாமல் இருக்கட்டும், அடையாளம் தெரியாத நகலால் பயனில்லை.

படம்: ஒவ்வொரு நகையும் தராசின் மேல், எண் தெரிய, பக்கத்தில் தேதி எழுதிய தாளோடு. முத்திரையைக் கிட்டத்தில் ஒன்று.

பஜாக் சூராட்டை (அடகுச் சீட்டு) கொடுத்து "நீயே மீட்டுக்கோ" என்று சொன்னால் வாங்காதீர்கள். விற்பவரே கூட வந்து, தன் ஐசியைக் காட்டி மீட்க வேண்டும். வட்டி மாதம் 2 விழுக்காடு வரை, தவணை ஆறு மாதம். தவணை தாண்டியிருந்தால் நகை கடையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஈப்போ ரோடு வாசி (கோலாலம்பூர்)

எல்லோருக்கும் நன்றி. பேங்க் கவுண்டர் முன் கைமாற்ற அந்த அம்மா ஒத்துக்கொண்டார். ஒரு சிக்கல்: அட்டிகை அவருடைய மாமியாருடையதாம், மாமியார் இறந்து ஓராண்டு. கணவருக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். இன்னொன்று, ஐயா பேரேடு, எல்எச்டிஎன் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

கறுப்பு மை (பினாங்கு)

அப்படியானால் அட்டிகை அந்த அம்மாவுடையது என்று சொல்ல முடியாது. மாமியார் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார் என்பதற்குச் சான்று இருந்தாலொழிய, அது இறந்தவரின் சொத்து. நிர்வாக அதிகாரப் பத்திரம் வாங்கியவர் விற்கலாம். குறைந்தது மாமியாரின் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கணவர் மட்டும் போட்டால் போதாது. பெசுருஜாயா சும்பா (சத்திய ஆணையர்) முன்னால் அக்குவான் பெர்க்கானுன் (சத்தியப் பிரமாணம்) செய்து தருகிறேன் என்பார்கள். அது அவர் சத்தியம் செய்து சொன்னார் என்பதற்குச் சாட்சி, சொல்வது உண்மை என்பதற்கு அல்ல. தம்பிகளின் கையெழுத்துக்கு அது ஈடாகாது. உரைகல் அண்ணன் சொன்னதே சரி, அட்டிகையை விடுங்கள்.

பேரேடு (பெட்டாலிங் ஜெயா)

மன்னிக்கவும், இதோ. சொந்தத்துக்கு வாங்கி, வருஷக்கணக்கில் வைத்திருந்து விற்றால் அந்த லாபத்துக்கு வருமான வரி இல்லை. வாங்குவதும் விற்பதுமாகவே இருந்தால் அது வியாபார வருமானம், அதற்கான வரிப் படிவமான பி பாரத்தில் காட்ட வேண்டும். 1946-ஆம் ஆண்டுப் பழம்பொருள் வியாபாரிகள் சட்டத்தில் லைசன்ஸ் கேள்வியும் வரும். எத்தனை தடவை என்று கோடு கிடையாது. எவ்வளவு சீக்கிரம் விற்றீர்கள், எதற்காக வாங்கினீர்கள் என்றெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு வரக்கூடிய கேள்வி லாபத்தைப் பற்றியது அல்ல. விசாரணை என்று வந்தால் எல்எச்டிஎன் மூலதன அறிக்கை போட்டுப் பார்க்கும்: இந்த வருஷம் சொத்து இவ்வளவு கூடியிருக்கிறது, காட்டிய வருமானம் இவ்வளவு, மீதி எங்கிருந்து வந்தது? அங்கேதான் ரசீதில்லா நகை கடிக்கும். இருக்கும் காசு நகையாக மாறியது என்று நிறுவ மூன்று தாள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: சேமிப்பு வளர்ந்ததைக் காட்டும் பேங்க் அறிக்கை, காசு எடுத்த சீட்டு, விற்பனைத் தாள். வீட்டு உண்டியல் காசிலிருந்து 5,000 சேர்த்தேன் என்றால் அந்த 5,000-க்குத் தாள் கிடையாது. முழுத் தொகையையும் ஒரே கணக்கிலிருந்து ஒரே தடவை எடுங்கள். அட்டிகையைக் கழித்து விலை குறைந்தால் எடுக்கும் தொகையும் அதே எண்ணாக இருக்கட்டும், தாளில் ஒன்று சீட்டில் ஒன்று வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். வரிசை எண், தேதி, நகை, நிகர எடை, மாற்று, கிராம் விலை, தொகை, யாரிடம், பேங்க் சீட்டு எண், எங்கே வைத்திருக்கிறது, விற்ற தேதி, விற்ற விலை. அதே வரிசை எண்ணை நகை இருக்கும் பையிலும் எழுதுங்கள். பின்னால் கொடியை உருக்கி வளையல் செய்தால் பழைய எண்ணை அடிக்காதீர்கள். புது எண் கொடுத்து "3-லிருந்து உருக்கியது" என்று எழுதி, உருக்கும் முன் எடை, பின் எடை, தட்டானுக்குக் கொடுத்த கூலி மூன்றையும் போடுங்கள். உருக்கிய நகைக்குப் பழைய படம் பொருந்தாது, இந்த வரிதான் இரண்டையும் இணைக்கும்.

வருமான வரிச் சட்டம் 82ஏ பிரிவு தாள்களை ஏழு ஆண்டு வைக்கச் சொல்கிறது. நகைக்கு அந்தக் கணக்கை வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டாம். விற்ற பிறகு எண்ணுங்கள், விற்காதவரை தாளும் இருக்கட்டும். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் நகைக்கு எவ்வளவு வரை என்று பாலிசியில் பாருங்கள், தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் சொற்பம்தான்.

பேங்க் கவுண்டர் சீட்டு வெப்பத்தாள் என்றால் அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள். நம்மூர்ச் சூட்டுக்கு ஓரிரு ஆண்டில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே நகலெடுத்து, நகலின் பின்னால் நோட்டின் வரிசை எண்ணை எழுதி, அசலோடு குத்தி வையுங்கள். அசலை லாமினேட் செய்யக் கொடுக்காதீர்கள், சூடு பட்டதும் முழுசாகக் கறுத்துப்போகும்.